டேப் ஒட்டிய குமிழ்

என் அக்காவுக்கு ஆய்வகத்தில் வைத்த பெயர் திருகாணி. எப்போது பார்த்தாலும் எதையாவது திருகிக்கொண்டே இருப்பாளாம். பட்டம் வாங்கியவர்கள் வைத்த பெயர். அவளிடம் பட்டம் கிடையாது. பதினோரு வருட வேலைதான் உண்டு, அதுவும் தற்காலிகம். அதை நிரந்தரமாக்கும் கடிதம் ஆய்வகத் தலைவரான டாக்டரின் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. வரவேற்பு மேசையில் உட்காரும் எனக்கு அது தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

அம்மா கால் முறிந்து படுத்ததால் அக்கா ஒரு மாதம் விடுப்பில் இருந்தாள். டாக்டரின் பெரிய அளவீடு அப்போதுதான் நடந்தது. ஒரு படிகத்தின் மேல் ஒளி பட்டதும் எழும் துடிப்பு சட்டென்று அடங்காமல் இழுத்து இழுத்து மெதுவாகத் தணிகிறதாம். இதுவரை யாரும் பார்க்காத குணமாம். அதைப் பார்க்க மறுநாள் நிபுணர் குழு வரவிருந்தது. டாக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை.

திரும்பி வந்த அக்கா முதல் வேலையாக பிரீஆம்ப்புக்கு பேட்டரி மாற்றப் போனாள். பொடி சிக்னலைப் பெருக்கித் தரும் பெட்டி அது. எத்தனை மடங்கு பெருக்குவது என்பதற்கு கெயின் குமிழ். எவ்வளவு வேகமான துடிப்பு வரை உள்ளே விடுவது என்பதற்கு பேண்ட்விட்த் குமிழ். இரண்டின் மேலும் டேப். 'தொடாதே' என்று டாக்டரின் கையெழுத்து.

அக்கா குனிந்து டேப்புக்குக் கீழே பார்த்தாள். நேராகப் போய் டாக்டரையே கூட்டிவந்துவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"சார், பேண்ட்விட்த்த ரொம்பக் குறுக்கி வச்சிருக்கீங்க."

"இரைச்சல் தாங்கல. இப்பப் பாரு, கோடு எவ்வளவு அழகா இருக்கு!"

"அழகாத்தான் இருக்கு. ஆனா ரொம்பக் குறுக்கினா பெட்டியே துடிப்ப இழுத்துக் காட்டும். அந்த இழுவை படிகத்தோடதா, பெட்டியோடதா? படிகத்தோடதுன்னா குமிழைத் திருப்பினாலும் மாறக் கூடாது."

டாக்டரின் முகம் இறுகியது. நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன். "சும்மா இருடி, கடிதம்!" மகாராணி என்னைச் சட்டை செய்தால்தானே?

டேப்பை உரித்து, பேண்ட்விட்தை ஒரு படி திறந்தாள். திரையில் துடிப்பு குறுகி உயர்ந்தது. இன்னொரு படி. இன்னும் குறுகியது. துடிப்பின் உச்சி வெட்டுப்பட்டு, அளவு மீறியதற்கான சிவப்பு விளக்கு எரிந்ததும் கெயினை ஆயிரத்திலிருந்து இருநூறுக்கு இறக்கினாள். திரை முழுக்கப் புல் முளைத்தது போல இரைச்சல். நூறு துடிப்புகளைச் சேர்த்துச் சராசரி எடுத்ததும் புல் அடங்கி, ஊசி போல ஒரே துடிப்பு நின்றது. இழுவை போன இடம் தெரியவில்லை.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப ஒரு மாசமா நான் பெட்டியத்தான் அளந்துகிட்டு இருந்தேனா?"

"ஆமா சார்."

பூசி மெழுகத் தெரியாது இவளுக்கு. வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

மறுநாள் நிபுணர்கள் முன்னால் டாக்டர் குமிழைத் திறப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களையும் போட்டார். "தப்பு என்னோடது. கண்டுபிடிச்சவங்க அதோ நிக்கறாங்க," என்று கடைசி வரிசைக்குப் பின்னால் நின்ற அக்காவைக் காட்டினார். நான் கைதட்ட ஆரம்பித்தேன். தட்டித் தட்டி உள்ளங்கை சிவந்தது. பக்கத்தில் இருந்தவரிடம், "என் கூடப் பிறந்தவ," என்று கேட்காமலே சொன்னேன்.

கடிதத்தில் அன்றைக்கே கையெழுத்து விழுந்தது. பெட்டியின் மேல் புது டேப்பும் வந்தது, அதே கையெழுத்தில்: 'திருகாணியம்மாவைக் கேட்காமல் தொடாதே.'

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு மெல்ல உரித்து, குமிழ்களை மறைக்காதபடி கொஞ்சம் தள்ளி ஒட்டினாள்.