அறிக்கையின் இரண்டாவது வரி

டிப்ளமா படித்தபோது அறிக்கை என்ற சொல்லுக்கு எங்களுக்குச் சொல்லித் தந்த பொருள் எளிமையானது: எதைச் சோதித்தாய், எப்படிச் சோதித்தாய், என்ன கண்டாய். காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தின் சாயச் சோதனை அறையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், அந்தச் சொல்லுக்கு வேறு உபயோகங்களும் உண்டு என்று தெரிந்தது.

அமாவாசையன்று தறி ஓடாது. சங்கக் கூட்டமும் அன்றைக்குத்தான். எழுத்தர் எழுந்து, லக்னப் பத்திரிகை வாசிப்பவர்போல், "இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால்" என்று இழுத்துத் தொடங்குவார். அந்தக் குரலில் அவர் படித்ததை யாரும் மறுத்து நான் கேட்டதில்லை.

நான் சேர்ந்த வருஷ முகூர்த்த காலத்தில் சென்னைக் கடையிலிருந்து ஒரு கல்யாணப் புடவை திரும்பி வந்தது. பார்டரின் அரக்குச் சாயம் சந்தன நிற உடலில் இறங்கியிருந்தது. சாயக்காரரின் கவனக்குறைவு என்று அறிக்கை எழுதித் தரும்படி சங்கத் தலைவர் என்னிடம் சொன்னார். அப்படி எழுதினால் சாயம் போடச் சாயக்காரருக்குச் சங்கம் கொடுக்கும் நூல் நின்றுபோகும். அவர் குடும்பம் அந்த நூலை நம்பித்தான் இருந்தது.

மறுநாள் அவரே சோதனை அறை வாசலில் வந்து நின்றார். முழங்கை வரை சிவப்பு.

"நீ எழுதறது பேப்பர்ல இல்லம்மா, என் நெத்தியில. பாத்து எழுது." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பார்டர் நூலை வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியோடு சேர்த்து அழுத்தினேன். துணி சிவந்தது. நான் எழுதியது இரண்டு வரி. இந்த நூலில் சாயம் இறங்குகிறது. காரணம் இந்தச் சோதனையில் தெரியவில்லை.

கூட்டத்தில் எழுத்தர் முதல் வரியைப் படித்ததுமே தலைவர் கையைக் காட்டி, போதும் என்றார். எல்லோரும் சாயக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். என் அறிக்கை பாதியிலேயே தீர்ப்பாகிவிட்டது. அங்கே நான் ஒருத்திதான் பெண். எழுந்து நிற்பதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"இன்னொரு வரி இருக்குதுங்க. அதையும் படிச்சாத்தான் அது நான் குடுத்த அறிக்கை."

எழுத்தர் படித்தார், இழுவை இல்லாமல். பின்வரிசையில் ஒருவர், "தெரியலன்னு சொல்றதுக்கா படிச்ச புள்ளைய வேலைக்கு வெச்சிருக்கோம்?" என்றார். கூட்டம் சிரித்தது. கேள்வி நியாயமானதுதான். அடுத்த அமாவாசைக்குள் காரணம் சொல்கிறேன் என்றேன். அதுவரை நூலை நிறுத்துவதில்லை என்று தலைவர் அரை மனதோடு ஒப்புக்கொண்டார்.

அதே நூலைச் சோப்புத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அலசி, மறுபடி சோதித்தேன். வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது. சாயப் பொடியில் கோளாறு இல்லை. சாயம் ஏற்றியபின், நூலில் பிடிக்காத சாயத்தை நீக்கக் கொடுக்க வேண்டிய சோப்புக் கொதி போதவில்லை. எழுதுவதற்கு முன் அவரிடமே போய்ச் சொன்னேன். விறகு ஈரம், முகூர்த்த அவசரம், சீக்கிரம் இறக்கிவிட்டேன் என்றார். எழுதாதே என்று கேட்பாரோ என்று பயந்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

இந்த முறை அறிக்கை முழுவதும் படிக்கப்பட்டது. அந்தப் பருவம் முடியும்வரை அவருக்கு நூல் இல்லை என்று தலைவர் அறிவித்தார். அந்த முடிவு என் தாளில் இல்லை. எனக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது. அவர் வீட்டு அடுப்புக்குத் தெரிந்திருக்காது.

கூட்டம் கலைந்தபோது அவர் என் பக்கமாக வந்தார்.

"நீ சொன்னது நான் செஞ்ச வேலையம்மா. தலைவரு எழுதச் சொன்னது என்னையே, கவனமில்லாதவன்னு."

பக்கத்து ஊர் ஓரிக்கையில் யாரோ பருத்தி நூலுக்குச் சாயம் போட ஆள் தேடுகிறாராம், போய்ப் பார்க்கிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.