மீனுக்குப் பேன் பார்க்கிறவள்

முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டுதான் வெர்னா வாளியை வலைக்குள் விடுவாள். முழங்காலளவு குளிர்ந்த கடல். வளைத்து இழுத்த கரைவலைக்குள் சுண்டுவிரல் நீளத்துக்கு சால்மன் குஞ்சுகள், மழை விழுந்த தகரக் கூரை மாதிரி படபடத்துக்கொண்டிருக்கும். அவளோ கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தியைப் போல எங்கோ பார்த்தபடி முகந்து எடுப்பாள்.

"பாத்து மொண்டா கை பொய் சொல்லும்" என்பாள். "துடியான குஞ்சு ஓடிப்போயிரும், நோஞ்சான்தான் வாளிக்கு வரும். இல்லன்னா எனக்குப் பிடிச்ச அழகியாப் பாத்து எடுப்பேன். ரெண்டும் திருட்டு."

முகந்த மீனை ஒவ்வொன்றாகக் கடல்நீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பாள். கழுத்தில் தொங்கும் உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு செவுளோரம், துடுப்படி, வால் என்று பேன் தேடுவாள். செதில்கூடச் சரியாக முளைக்காத குஞ்சு அது. அதன் மேல் எள்ளளவு கடல் பேன் ஏறுவது, கைக்குழந்தையின் முதுகில் சாப்பாட்டுத் தட்டளவு அட்டைப்பூச்சி ஒட்டியது போல. எண்ணிக்கையை உரக்கச் சொல்லிவிட்டு மீனைத் திரும்பக் கடலில் விடும்போது ஒரு புத்திமதியும் உண்டு: "போ கண்ணு. வழியில யார் கூப்பிட்டாலும் நிக்காத."

கண்ணாடியைத் துடைக்க உலகத்தில் ஒரே துணிதான், அவள் உள்சட்டையின் இடது ஓரம். அப்படித் துடைத்துப் பார்த்த ஒருநாள் பேன் ஒன்று தும்மியதை அவள் கேட்டிருக்கிறாள். நம்பாதவர்கள் கனடாவின் மேற்குக் கரைக்கு வந்து அவளையே கேட்டுக்கொள்ளலாம். பேனுக்கு ஜலதோஷம் பிடித்த காரணத்தையும் சேர்த்துச் சொல்லுவாள்.

படகோட்டுகிறவன் டெல்பர்ட், அவள் தங்கை லொரெட்டாவின் கணவன். போன இலையுதிர்காலம் வரை இதே உள்கடலில் மிதந்த வளர்ப்புமீன் கூண்டுகளுக்குத் தீனி போட்டவன். கூண்டில் நெருக்கி அடைத்த பெரிய மீன்களின் பேன்தான் பக்கத்தில் நீந்திப்போகும் காட்டுக் குஞ்சுகளுக்கு ஏறுகிறது என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொன்னவள் வெர்னா. "கூண்டு போனா பேன் போகும். போகலேன்னா இந்தக் கண்ணாடியக் கடல்ல போட்டுடறேன்." ஊர் கேட்டது. கூண்டுகளை இழுத்துக்கொண்டு போனார்கள். டெல்பர்ட்டின் வேலையும் கூடவே மிதந்து போனது. இது கூண்டில்லாத முதல் வசந்தம். குஞ்சுகளின் மேல் இன்னும் பேன் இருந்தால், அவன் வேலை போனது வெறும் வீண்.

அவன் மறக்கவில்லை, மறக்க விடவும் மாட்டான்.

"ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்கி, என்னை வீட்டுல உக்கார வச்சாச்சு. இன்னிக்கு யாரைக் கவுக்கப் போறீங்க மதினி?"

"உன் வாயை, மாப்ள. அது ஒண்ணுதான் இந்தத் தண்ணியில இன்னும் மிதக்குது."

அன்று போன மூன்று கரைகளில் முதலாவதில் பிடித்த குஞ்சுகளெல்லாம் பேனில்லாமல் பளிங்கு. வெர்னா வறுத்த ரொட்டியைக் கடித்தபடி பாட்டு முனகினாள். இரண்டாவது கரையில் முதல் பையைத் தூக்கினாள், பாட்டு நின்றது. குஞ்சின் விலாவில் பழுப்பாய் ஒரு புள்ளி நகர்ந்தது. அடுத்த பையிலும் ஒன்று. அதற்கடுத்ததிலும்.

"என்ன மதினி, எண்ணிக்கை வரக் காணோம்."

"பேன் இருக்கு" என்றாள். மறைக்கிற பழக்கம் அவளிடம் இல்லை.

இலையுதிர்காலத்திலிருந்து இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் டெல்பர்ட் காத்திருந்தான். திருப்பிக் கொடுக்க வசவும் பழிப்பும் மூட்டை மூட்டையாய்ச் சேர்த்து வைத்திருந்தான். ஒன்றையும் அவிழ்க்கவில்லை.

"எனக்குச் சிரிப்பு வரும்னு நெனச்சேன்" என்றான்.

வெர்னா கழுத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினாள். எறிந்தே விடுவாள் என்று அவன் அரையடி எழுந்துவிட்டான். அவள் உள்சட்டையின் இடது ஓரத்தை இழுத்தாள், துடைத்தாள், மறுபடி பையைத் தூக்கினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"மாப்ள, இங்க வா. இவன் மூக்குக்கண்ணாடி போட்டிருக்கான்."

"உங்களுக்குத் தோதா நீங்களே மாட்டி விட்டீங்களா?"

"நீயே பாரு."

பார்த்தான். பேனின் நெற்றி விளிம்பில் அக்கம்பக்கமாக இரண்டு குட்டி வட்டங்கள். கூண்டுகளில் அவன் பார்த்துச் சலித்த சால்மன் பேனுக்கு அந்த வட்டங்கள் கிடையாது. இது வேறு சாதி, ஹெர்ரிங் மீனின் மேல் குடியிருக்கிற பேன், அவ்வளவு பொல்லாததில்லை. மற்றப் பைகளில் இருந்தவையும் கண்ணாடிக்காரர்களே.

"ஹெர்ரிங் எங்க இருக்கு இங்க? எத்தனை வசந்தமா அதை இந்தப் பக்கமே காணோம். பேன் மட்டும் படகு பிடிச்சு வந்துச்சா?"

"அதான் நானும் கேக்கறேன். காலையிலேர்ந்து முனைக்கு அந்தப்பக்கம் கடல்காக்கா கத்திக்கிட்டே கெடக்கே, என்னது அது?"

"செத்த கடல்நாயா இருக்கும்னு விட்டுட்டேன்" என்றவன் பாதிப் பேச்சிலேயே எஞ்சினை முடுக்கினான்.

முனையைத் திரும்பியதும் கடல் அரிசி களைந்த தண்ணீராய் வெளுத்துக் கிடந்தது. கிளைக்கொரு கழுகு. பாறையெல்லாம் கடற்சிங்கங்கள், பந்திக்கு முந்திய கூட்டம் போல ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு. முட்டையிட வந்த ஹெர்ரிங், தண்ணீரை வெளுக்க வைத்தது ஆண்மீன்கள் விட்ட விந்து. அப்படியொரு நெருக்கம், எஞ்சினை அணைத்த பிறகும் படகு மீன்களின் முதுகிலேறி நடந்தது. டெல்பர்ட் குனிந்து ஒரு கடற்பாசி இலையை இழுத்தான். இரண்டு பக்கமும் ஜவ்வரிசி அப்பியது போல முட்டை. பாதியைக் கிழித்து அவளிடம் நீட்டினான், மீதியை வாயில் போட்டு நறநறவென்று மென்றான். அவளும் வாய் நிறைய அடக்கிக்கொண்டாள்.

"லொரெட்டாவுக்கு ஒரு கூடை" என்றான் கடைசியில். "உங்க தங்கச்சி வாயையும் அடைக்கணும்ல."

"அடைச்சுக்க. ஆனா இன்னொரு கரை பாக்கி இருக்கு. அங்க கண்ணாடி போடாதவன் ஒருத்தன் இருந்தாலும் நான் சொன்னது போச்சு."

அந்தக் கடைசிக் கரையில் வலையை இழுத்துச் சேர்த்ததும், இதுவரை ஒருநாளும் படகை விட்டு இறங்காத டெல்பர்ட் தண்ணீரில் இறங்கினான். அவள் கையிலிருந்த வாளியைப் பிடித்தான்.

"இந்த வாட்டி நான் மொள்றேன்."

"பேன் உள்ளதாப் பொறுக்குவ."

அவன் அதை வாங்கிக்கொண்டான். வாளியை வலைக்குள் தாழ்த்தினான். முகத்தை மலைப்பக்கம் திருப்பினான். அதுவும் போதாதென்று, கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டான்.