அக்கா விட்ட கோல்

குருநகரில் பெண்பிள்ளைகளின் உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்றும் என் அக்காவைச் சொல்வார்கள். பாடசாலை அணியின் தலைவியாகப் பின்வரிசையில் நின்று, பயிற்சியில் ஆம்பிளைப் பிள்ளைகளைக்கூடத் தாண்ட விடாதவள். ஆனால் அவர்கள் சொல்வது அதையல்ல. மாகாண இறுதியாட்டத்தில் அவள் விட்ட ஒரு கோலைத்தான்.

அக்காவின் முழங்கால்கள் எப்போதும் உரிந்திருக்கும். சறுக்கி விழுந்து பந்தைப் பறிப்பாள். எழும்பும்போதே மற்றவர்களுக்கு இடம் காட்டிக் கத்துவாள். புருவத்தில் ஒரு தையல் இருந்தது. கலியாணத்துக்கென்று ஸ்ரூடியோவில் படம் எடுத்தபோது அம்மா அதைப் பவுடரால் மறைத்துவிட்டார்.

இறுதியாட்டத்துக்குக் கொழும்பிலிருந்து தேசிய அணிக்கு ஆள் தெரிவுசெய்பவர்கள் வந்திருந்தார்கள். அதுவரை ஒரு ஆட்டத்துக்கும் வராத அம்மாவும் மீன் சந்தையிலிருந்து நேரே வந்து வேலியோரம் நின்றார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம், "எங்கடை அம்மா வந்திருக்கிறா" என்று சொன்னேன்.

ஆட்டம் தொடங்குமுன் அம்மா அக்காவைத் தனியே கூப்பிட்டார். என்ன சொன்னார் என்பது பல வருசத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"நாளைக்குப் பிரான்ஸ் மாப்பிள்ளை வீட்டுக்காரர் உன்னைப் பாக்க வருகினம். முகத்திலை ஒரு கீறல் பட்டாலும் பிரான்ஸ் இல்லை. அப்பாவும் இல்லாத வீடு, பிள்ளை. தங்கச்சியையும் நினை."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கையசைத்தேன்.

கடைசி நேரத்தில் எதிரணிப் பிள்ளை ஒருத்தி தனியே பந்தோடு வந்தாள். விழுந்து பறிக்கவேண்டிய பந்து. அக்கா விழவில்லை. நீட்டிய காலை இழுத்துக்கொண்டாள். பந்து வலைக்குள் போனது. கொழும்பு ஆட்கள் அக்காவைக் கூப்பிடாமலே வாகனத்தில் ஏறினார்கள். "காசு வாங்கிப்போட்டாள்" என்று பின்னால் யாரோ சொன்னது எனக்குக் கேட்டது.

மாப்பிள்ளை வீட்டாருக்கு அக்காவைப் பிடித்துக்கொண்டது. அடுத்த தை மாதமே கலியாணம் முடிந்து பிரான்சுக்குப் போனாள். அதன்பிறகு பந்தைத் தொடவில்லை. எங்கள் வீடு கல்வீடானதும் நான் படித்ததும் அவளால்தான்.

ஆட்டம் முடிந்த அன்று பின்னேரம், கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவளிடம், "ஏன் விட்டனீ?" என்று கேட்டேன்.

"கால் சறுக்கிப்போட்டுது."

மைதானம் மழை கண்டு மாதக்கணக்காகியிருந்தது. குசினிக்குள் நின்ற அம்மா அடுப்பை ஊதத் தொடங்கினார். அக்கா பொய் சொல்கிறாள் என்பது மட்டும் எனக்கு விளங்கியது. அம்மாவைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் சொல்கிறாள் என்பது விளங்கவில்லை. கலியாண நாள்வரை அவளோடு நான் கதைக்கவில்லை.