சண்டிலிப்பாயிலிருந்து நெல்லியடிக்கு, ஆறு கிலோ அரிசியுடன்

ஞாயிறு காலை ஐந்தரைக்குச் சண்டிலிப்பாயில் என் வீட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தபோது முதுகில் ஆறு கிலோ சிவப்பரிசி இருந்தது. பேரனின் பழைய பள்ளிக்கூடப் பை. அதற்குள் இரண்டு இரண்டு கிலோவாக மூன்று பொதிகள். பாரத்துக்குச் செங்கல் வைக்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். செங்கல் முதுகைக் குத்தும். போய்ச் சேர்ந்த இடத்தில் அதை யாரும் சமைக்கவும் முடியாது.

பங்குனியில் எங்கள் ஊர் நண்பர்கள் நான்கு பேர் வாடகைக்கு வான் வண்டி பிடித்துச் சிவனொளிபாதமலை ஏறப் போகிறார்கள். ஐந்தாவது இருக்கை எனக்கு. வருகிறேனா இல்லையா என்பதை அந்த ஞாயிறு மாலைக்குள் சொல்ல வேண்டும். எனக்கு எழுபத்தொரு வயது. தை மாதம் பட்டணத்தில் ஒரு புடவைக் கடையின் மூன்றாம் மாடிக்கு ஏறும்போது தலை சுற்றிப் படியிலேயே குந்திவிட்டேன். கூட வந்த மகள் மாலதி அதைப் பார்த்துவிட்டாள்.

"சேலைக்கடைப் படி ஏறேலாத நீங்கள் மலையேறப் போறியளோ, அப்பா?"

பிறகு அவளே ஒரு நிபந்தனை சொன்னாள். ஆறு கிலோவைச் சுமந்துகொண்டு, ஒரு வாகனத்திலும் ஏறாமல், நெல்லியடியில் இருக்கும் தன் வீட்டுக்கு மதியம் ஒரு மணிக்குள் வந்து சேர்ந்தால் போகலாம். முடியாவிட்டால் மலைப் பேச்சையே எடுக்கக் கூடாது. தூரம் இருபத்தைந்து கிலோமீற்றர். தொலைபேசி காட்டிய கணக்கு அது. நான் நம்பவில்லை, கூடத்தான் இருக்கும்.

ஆறு வாரம் பழகினேன். முதலில் மானிப்பாய் வரை வெறும் கையோடு, பிறகு வட்டுக்கோட்டை போய்த் திரும்ப, பிறகு அதே தூரம் சுமையோடு. ஏறிப் பழகத்தான் இடமில்லை. எங்கள் குடாநாட்டில் குன்று என்று சொல்ல ஒரு மேடு கிடையாது. வீட்டு வாசலில் இருக்கும் மூன்று படிகளில் காலையில் நூறு தரம் ஏறி இறங்கினேன். "பைத்தியம் பிடிச்சிட்டுது" என்றாள் மனைவி, தேங்காய் துருவிக்கொண்டே.

கந்தரோடை வழியாக ஏழு மணிக்கு முன்பே சுன்னாகம் வந்துவிட்டேன். சந்தைக்கு அருகே ஒரு வெறுந்தேநீர், ஐம்பது ரூபா. வடையைத் தொடவில்லை, வயிறு பாரமானால் கால் பின்னுக்கு இழுக்கும். அங்கிருந்து புத்தூர் வீதி. இரு பக்கமும் புகையிலை, மரவள்ளி. காலைப் பனி இலைகளில் இன்னும் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் காரணமில்லாமல் யாரும் நடப்பதில்லை. வயதானவர் பையோடு நடந்தால் ஏதோ நடந்துவிட்டது என்றே நினைப்பார்கள். புத்தூர் போவதற்குள் ஏழு மோட்டார் சைக்கிள்கள் நின்றன.

"ஐயா, பஸ்ஸை விட்டிட்டியளோ? ஏறுங்கோ."

"இல்லைத் தம்பி, நான் நடக்கிறன்."

"கோயில் நேர்த்தியோ?"

"இல்லை, உடம்புக்கு."

முதலில் நின்றவர் என் பையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "வீட்டிலை ஏதும் சண்டையோ, ஐயா?" என்று மெல்லக் கேட்டார். ஏழில் மூன்று பேர் இதையே கேட்டார்கள்.

ஒன்பது மணிக்குப் புத்தூர். கணக்குப்படி பத்து நிமிடம் முன்னதாகவே வந்திருந்தேன். ஆனால் நான் பயந்த இடம் அடுத்ததுதான், அவரங்கால். மாலதியின் மாமியார் வீடு அங்கே வீதியோரமாகவே இருக்கிறது. சம்பந்தி வீட்டு வாசலால் போய்விட்டு உள்ளே போகாமல் விட்டால் வருடக் கணக்கில் கதை நிற்கும். உள்ளே போனால் நேரம் போகும். தொப்பியைக் கண்வரை இழுத்துக்கொண்டு வீதியின் மறுபக்கத்தால் நடந்தேன்.

"என்ன அண்ணை, தொப்பியைப் போட்டால் எங்களுக்குத் தெரியாதெண்டு நினைச்சனியளே?"

சம்பந்தியம்மா படலையில் நின்றார். தண்ணீர் மட்டும் போதும் என்றேன். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வந்தன. நான் எழும்பும்போது பத்தே கால். அதோடு முடியவில்லை. தோட்டத்து வெங்காயம் மூன்று கட்டு, தாளோடு, மூன்று கிலோவாவது இருக்கும்.

"மருமோளிட்டைக் குடுங்கோ. வெறும் கையோடை உங்களை விடுறதே?"

"கை வெறுமையில்லை, முதுகிலை ஆறு கிலோ கிடக்கு."

"அது உங்கடை அரிசி. இது எங்கடை வெங்காயம்."

அவரே என் பையைத் திறந்து திணித்தார். பஸ்ஸில் கொடுத்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். சம்பந்தி கையால் தந்ததை நடத்துநர் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்தச் செய்தியும் அன்றைக்கே அவரங்காலுக்கு வந்துவிடும்.

வல்லை வெளிக்குள் இறங்கியபோது பதினொன்றே கால். இரு பக்கமும் வெட்டவெளி, தண்ணீர், எதிர்க்காற்று. நிழல் இல்லை. பையின் வார் தோளை அறுத்தது. புட்டு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் நின்றது. நூறு எட்டுக்கு ஒரு தரம் நின்றேன். பிறகு அறுபதுக்கு ஒரு தரம். தலை சுற்றுகிறதா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். சுற்றவில்லை.

வல்லைப் பாலம் எங்கள் குடாநாட்டின் மலை. மோட்டார் சைக்கிளில் போகிறவனுக்கு அதன் ஏற்றம் தெரியாது; ஒன்பது கிலோவோடு நடப்பவனுக்குத் தெரியும். மூச்சு வாங்காமல் ஏறினேன். சந்தோஷமாக இருந்தது. மறுபக்கம் இறங்கும்போது வலது முழங்கால் பிடித்துக்கொண்டது. இறக்கத்தை நான் யோசித்துப் பார்க்கவே இல்லை. வாசலின் மூன்று படியில் அது தெரியவும் வராது.

மாலதி வீட்டு வாசலில் நின்றபோது ஒரு மணி பன்னிரண்டு நிமிடம்.

அவள் பையை ஒரு கையால் வாங்கினாள். பை நிலத்தில் இடித்தது. "உதென்ன பாரம், அப்பா? ஆறு கிலோ எண்டெல்லோ சொன்னனான்?"

"அவரங்காலிலை உன்ரை மாமி."

திறந்து வெங்காயத்தைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கினாள். பிறகு முகம் மாறியது. "எங்கை நோகுது? பொய் சொல்லாமல் சொல்லுங்கோ."

"ஏறேக்கை ஒண்டுமில்லை. பாலத்தாலை இறங்கேக்கைதான் முழங்கால்."

"மலையிலை ஏறினவை இறங்கத்தானே வேணும்?" அவள் உள்ளே போய் ஒரு செம்பில் மோரோடு வந்தாள். நான் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தாள். "பொல்லு கொண்டு போவியளோ?"

பொல்லு ஊன்றுவதை இதுவரை மறுத்தே வந்தவன் நான். பிடித்தால் கிழவன் ஆகிவிடுவேன் என்ற பயம். "ஓம்" என்றேன்.

"அப்ப போய்ட்டு வாங்கோ. நேரம் பிந்தினதை நான் கணக்கிலை எடுக்கேல்லை. மலையிலை எங்களுக்குச் சம்பந்தி வீடு ஒண்டும் இல்லை."

திரும்பி வந்தது பஸ்ஸில். அரிசியை எடுத்துக்கொண்டு பையில் முருங்கைக்காயை நிரப்பியிருந்தாள். நடக்கும்போது முடியாமல் நீண்ட வல்லை வெளி ஜன்னலுக்கு வெளியே சில நிமிடங்களில் முடிந்தது. பாலம் வந்ததைக்கூட அருகில் இருந்தவர் கவனிக்கவில்லை. நான் முழங்காலைத் தடவிக்கொண்டு வானுக்குப் பொறுப்பான நண்பனைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"ஓம், நான் வாறன். கூட ஒரு பொல்லும் வருது. அதுக்கும் ஒரு சீற் காசு கேளாதை."