புளி போட்டுத் தேய்த்த நபதேயக் காசு

அன்று அந்த அறையில் இருந்தவர்களைச் சொல்கிறேன். பழைய நாணயங்களுக்குப் பொறுப்பான டொக்டர் அம்மா. கட்டடப் பொறுப்பாளர், எங்களை வேலைக்கு எடுத்தவர். என்னோடு துப்புரவு வேலை செய்த அக்கா, பருத்தித்துறைக்காரி. பிறகு நான்.

யூரோ வந்து இரண்டாம் வருடம். ஜெர்மனியில் கொலோனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அருங்காட்சியகம். என் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. பொறுப்பாளர் ஆறு ஆறு மாதமாகத்தான் எழுதுவார். புதுக் கடிதம் கொண்டுபோனால்தான் விசா நீளும். கடிதம் அடித்து வைத்திருந்தார். எத்தனை மாதம் என்ற எண்ணையும் கையெழுத்தையும் இன்னும் போடவில்லை.

அந்தக் கட்டடத்தில் கதவுக் கைப்பிடிகள் பித்தளை. அக்காவும் நானும் கடையில் விற்கிற மினுக்கு மருந்தை விட்டுவிட்டுப் புளியும் உப்பும் போட்டுத் தேய்ப்போம். பொன் மாதிரி வரும். பொறுப்பாளர் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார்.

அன்று காலை டொக்டர் அம்மாவின் மேசையைத் துடைக்கப் போனேன். ஒரு தட்டில் மூன்று வெண்கலக் காசு. முழுக்கப் பச்சைக் களிம்பு. களிம்பைக் கண்டால் எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா இராது. ஒன்றை எடுத்துத் தேய்த்தேன். ஐந்து நிமிடம். நன்றாக மினுங்கியது. ஆனால் அதில் இருந்த அரசனும் அரசியும் களிம்போடு போய்விட்டார்கள்.

அக்கா வந்து பார்த்தார்.

"என்ன தம்பி செய்தனி?"

"மினுக்கினனான்."

"மற்ற ரண்டுக்கும் அடியிலை தள்ளி வை. ஆர் பாக்கப் போகினம்."

"ஏலாது அக்கா."

"கடிதம் இன்னும் வரேல்லை. விளங்குதோ?"

"ஓம்."

டொக்டர் அம்மா வந்ததும் நானே காட்டினேன். பொறுப்பாளரும் கூட வந்திருந்தார். எனக்கு ஜெர்மன் கொஞ்சம்தான். நான், காசு, புளி என்றேன். டொக்டர் அம்மா கண்ணாடி வில்லையை வைத்துக் காசைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். பிறகு பேசினார். எனக்குப் பாதிதான் பிடிபட்டது.

"என்ன சொல்லுறா அக்கா?"

"ரண்டாயிரம் வருசக் களிம்பாம். அதுதான் காசின்ரை தோலாம். நீ உரிச்சுப்போட்டியாம்."

"வேறை?"

"நபதேயர் எண்டு ஒரு சின்ன ராச்சியமாம். பாலைவனத்திலை ஒட்டகத்திலை சாம்பிராணி ஏத்தி வித்த ஆக்கள். இது அவையின்ரை சில்லறை. சந்தையிலை பாண் வாங்கிற காசு."

"அப்ப பெரிய நட்டம் இல்லையோ?"

"வெள்ளிக்காசெண்டா உன்னை இண்டைக்கே பிளேனிலை ஏத்தியிருப்பினமாம்."

"அப்பிடியோ சொன்னவ?"

"இல்லை. அது நான் சொல்லுறன்."

பொறுப்பாளர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அது எனக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கியது.

டொக்டர் அம்மா கையைக் காட்டி அவரை நிற்பாட்டினார். என்னிடம் ஒன்று கேட்டார். ஒருவரும் காணாததை ஏன் வந்து சொன்னாய்?

அக்காவிடம் தமிழில் சொல்லி, ஜெர்மனில் சொல்லச் சொன்னேன். சொல்லாவிட்டால் நாளைக்கு வேறு யாராவது மற்ற இரண்டையும் தேய்ப்பார்கள். இங்கே துடைக்கிறவர்களில் பாதிப் பேர் எங்கள் ஆட்கள்.

டொக்டர் அம்மா இழுப்பறையைத் திறந்தார். அதே காசு நிறையக் கிடந்தது. அந்த ராச்சியத்தில் அதுதான் அதிகமாக அடித்த காசாம். தேய்த்ததை ஒரு கடதாசி உறைக்குள் போட்டு மேலே ஏதோ எழுதினார். ஒரு வெள்ளை அட்டையையும் பேனாவையும் என்னிடம் தந்து, தமிழில் எழுது என்றார்.

நான் எட்டாம் வகுப்பு. எழுத்து கோணல். 'பச்சையைத் தேய்க்க வேண்டாம்' என்று எழுதினேன். அதை இழுப்பறையில் ஒட்டினார். பிறகு பொறுப்பாளரோடு கொஞ்ச நேரம் பேசினார். பொறுப்பாளர் மூக்கால் மூச்சு விட்டு ஏதோ சொன்னார்.

"புளி கைப்பிடியோடை நிக்க வேணுமாம்" என்றார் அக்கா. "இது அவர் சொன்னதுதான்."

கடிதம் சட்டைப்பையிலிருந்து வெளியே வந்தது. பொறுப்பாளர் நின்றபடியே கையெழுத்து வைத்தார். மாதத்துக்கு விட்ட இடத்தில் ஒரு எண்ணைப் போட்டார். அக்கா எட்டிப் பார்த்து வாசித்தார்.

இருபத்துநான்கு.