பாட்டு எப்போது ஆரம்பிக்கும்?

என் அத்தையைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளில் எனக்குப் பிடித்தவர் ஒருவர்தான். அவரைத் தேர்வு செய்ததே நான்தான் என்று அன்றைக்கு ரொம்பப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அப்போது நாங்கள் ஆவடியில், அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவின் தங்கையான அத்தையும் எங்களோடுதான் இருந்தாள். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை, சனிக்கிழமைகளில் கீபோர்டு வகுப்பு. அந்த வகுப்பில் கேட்ட பிரெஞ்சுக்காரர்களின் பியானோ இசை அவளைப் பிடித்துக்கொண்டது. அவளிடமிருந்து எனக்கும் தொற்றியது. ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருப்போம். சுரங்கள் தரையில் கால் பாவாமல் மிதக்கும். அடுத்து எங்கே போகும் என்று நான் ஊகிப்பேன், அது வேறெங்காவது போய்விடும். சந்தோஷத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசும். "குழாயைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கு, இதுல என்னடி பாட்டு?" என்பாள் அம்மா. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று அத்தை என் காதில் மட்டும் சொல்வாள்.

பூந்தமல்லியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அத்தை ஒரு நிபந்தனை போட்டாள். பாட்டு கேட்டால் அந்தப் பிரெஞ்சு இசையைத்தான் வாசிப்பாள். மாப்பிள்ளை முகம் சுளித்தால் கல்யாணம் கிடையாது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணச் சொல்கிறார்கள், ஒரு சாமி பாட்டு வாசித்தால் குறைந்தா போய்விடுவாய் என்று அப்பா கெஞ்சிப் பார்த்தார். அவள் மசியவில்லை. வாசிக்கும்போது அவளால் நிமிர முடியாது என்பதால் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. காலையிலிருந்து எனக்கு இட்லி இறங்கவில்லை.

வந்தார்கள், பஜ்ஜி தின்றார்கள். எதிர்பார்த்தபடியே மாப்பிள்ளையின் அம்மா ஒரு பாட்டு கேட்டார். அத்தை வாசிக்கத் தொடங்கினாள். அந்த அம்மாள் சின்ன வயதில் பாட்டு கற்றவர் போலும், தொடையில் தாளம் போட்டுப் பார்த்தார். கை ஒரு பக்கம் போனது, இசை ஒரு பக்கம் போனது. கடைசியில், சரி, சுருதி சேர்த்து முடிக்கட்டும் என்பதுபோலக் கையை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார். நான் மாப்பிள்ளையின் முகத்தை விழுங்கிவிடுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையில் பாதி பஜ்ஜி இருந்தது. அது வாய்க்கும் போகவில்லை, தட்டுக்கும் திரும்பவில்லை.

கடைசிச் சுரம் அடங்கியது. அம்பத்தூரை அடுத்த பாடியிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் தொண்டையைச் செருமினார். "இன்னாம்மா, மிஷினு செட் ஆயிடுச்சா? பாட்டை ஆரம்பி, கேட்டுகினு கெளம்பலாம்."

"பாட்டு முடிஞ்சிடுச்சுங்க," என்றாள் அத்தை.

"முட்ஞ்சிடுச்சா? எப்போ ஆரம்பிச்சுது?"

கீபோர்டுக்குக் கரண்டு பற்றவில்லை, இந்தப் பக்கம் எப்போதும் வோல்டேஜ் குறைவு என்று அப்பா அவசரமாகச் சமாளித்தார். அத்தையின் காதுமடல் சிவந்துவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நான் நினைத்தபோது மாப்பிள்ளை பஜ்ஜியைத் தட்டில் வைத்தார்.

"இன்னொரு தடவை வாசிக்கிறீங்களா? நடுவுல அது எங்க போச்சுன்னு பிடிபடல."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு மறுபடி வாசித்தாள், முன்பைவிட மெதுவாக, அவருக்கு வழி காட்டுவதுபோல. தாய்மாமன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். முடியும்வரை என்னாலும் உட்கார முடியவில்லை. செருப்புகூடப் போடாமல் வெளியே பாய்ந்து, "மாப்பிள்ளைக்குப் பிடிச்சிடுச்சு! மாப்பிள்ளைக்குப் பிடிச்சிடுச்சு!" என்று குவார்ட்டர்ஸ் முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினேன். மேல் வீட்டு அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்போ உங்க அத்தை கெளம்பிடுவாங்கன்னு சொல்லு."

"ஆமா!" என்று இன்னும் பலமாகக் கத்தினேன். கிளம்புவது என்றால் என்னை விட்டுவிட்டுக் கிளம்புவது என்று எனக்குத் தோன்றவே இல்லை.