ரெட்டைக் கேரட்

மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது எங்கள் ஆர்.எஸ்.புரம் வீட்டு மொட்டை மாடியில் நான் கேரட் வளர்த்தேன். அப்பா செம்மண்ணைச் சலித்து, தென்னை நார்த்தூளும் மக்கின சாணமும் கலந்து, ஆழமான செடிப்பையில் நிரப்பிக் கொடுத்தார். விதை தூவியதும் தண்ணீர் தெளித்ததும் நான்தான். நெருக்கமாக முளைத்த செடிகளில் பாதியை அவர் பிடுங்கிப் போட்ட அன்று அழுது தீர்த்தேன். “எடம் உட்டாத்தான் கெழங்கு எறங்கும் கண்ணு” என்றார். மீதிச் செடிகள் மார்கழிக் குளிரில் தழைத்தன.

அம்மாவின் தங்கை, என் சித்தி, மாதாமாதம் தான் வாழ்க்கைப்பட்ட காங்கேயத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். எங்கள் பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மதியம் வீட்டுக்கு வருவாள். அவளுக்கு என்ன நோய் என்று யாரும் சொன்னதில்லை. என்னைப் பார்க்கத்தான் வருகிறாள், வருகிற வழியில் டாக்டரையும் பார்த்துக்கொள்கிறாள் என்று நினைத்திருந்தேன். சுத்தம் என்றால் சித்திதான். வெள்ளரிக்காயைக் கூடக் கழுவி, துடைத்து, மறுபடி கழுவித்தான் நறுக்குவாள்.

கேரட் பிடுங்கிய அன்று அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து யாரோடும் பேசவில்லை. நான்தான் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போனேன். அம்மாவும் வந்தாள். பிடுங்கிய கேரட்டெல்லாம் விரல் கனம்தான். கடைசிச் செடியை இரண்டு கையாலும் இழுத்தேன். சல்லடைக்குத் தப்பிய கல் ஏதோ குறுக்கே கிடந்திருக்க வேண்டும். ஒரே கொண்டையில் இரண்டு கேரட், காலோடு கால் பின்னிக்கொண்டு வந்தன. நாளைக்கு இதை வகுப்பில் காட்டுவேன் என்று குதித்தேன்.

அம்மா சிரித்துவிட்டாள். “ரெட்டை வாழப்பழம் தின்னா ரெட்டப் புள்ள பொறக்கும்பாங்க. இதத் தின்னா என்னாகுமோ!” சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“குடு கண்ணு, பாக்கலாம்” என்று சித்தி கையை நீட்டினாள். கொடுத்தேன். அவள் பார்க்கவில்லை. மண்ணோடு அப்படியே கடித்தாள்.

சித்தி கண்ணை மூடிக்கொண்டு நறுக் நறுக்கென்று மென்றாள். பல்லில் மண் நெறுநெறுத்தது எனக்கே கேட்டது. கடைவாயில் சிவப்பாகச் சேறு வழிந்தது. ஒரு கால் முடிந்தது. அடுத்ததையும் கடித்தாள்.

“ஏ புள்ள, கழுவிப்போட்டாச்சும் தின்னு…” அம்மா அவள் கையைப் பிடித்தாள். சித்தி தலையை மட்டும் ஆட்டினாள். தழை மிஞ்சும்வரை நிறுத்தவில்லை.

சாயங்காலம் அவள் ஊருக்குப் போன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

“என்ற கேரட்ட சித்தி ஏம்மா தின்னாங்க?”

“அவளுக்குப் பசி அம்மணி. உடு.”

அடுத்த மாதம் சித்தி செருப்பைக் கழற்றுவதற்குள் ஒரு தட்டு இட்லியோடு வாசலில் போய் நின்றேன்.

“இன்னும் பசிக்குதுங்களா சித்தி?”

அவள் தட்டை வாங்கவில்லை. அப்படியே மண்டியிட்டு என்னை மூச்சு முட்டக் கட்டிக்கொண்டாள். இட்லி தரையில் உருண்டது. அவள் தோள் குலுங்கியது. வெறும் இட்லியைக் கொடுத்தால் யாருக்குத்தான் அழுகை வராது என்று எனக்குத் தோன்றியது. அவள் பிடியிலிருந்து நழுவி, சட்னி எடுத்துவர அடுக்களைக்கு ஓடினேன்.